மாமாவின் அறுபதாம் கல்யாணமும் ஒரு சொகுசுப் படகும்

ஈடன் தீவு, மாஹே,
செஷல்ஸ்.

அன்புள்ள மாமாவுக்கும் அத்தைக்கும் வணக்கம். இங்கு யாவரும் நலம். யாவரும் என்றால் நானும், அறையில் கூட இருக்கும் மயிலாடுதுறைப் பையனும், சுவரில் குடியிருக்கும் பல்லிகளும்.

வாட்ஸ்அப்பில் நீங்கள் அனுப்பிய குரல்பதிவை இரண்டு முறை கேட்டேன். “திருக்கடையூர் எல்லாம் எல்லோரும் போறதுதான்டா, உன் ஊர்ல ஒரு சொகுசுப் படகு எடு, நடுக்கடல்ல மாலை மாத்திக்கிறோம், வாடகை என்னன்னு மட்டும் கேட்டுச் சொல்லு” என்கிறீர்கள். குத்தம்பாக்கத்தில் பஸ் ஸ்டாண்டு வருகிறது, நிலம் விலை ஏறும் என்று தெரிந்த நாளிலிருந்து நம் தெருவில் யாருக்கும் சின்னக் கனவே வருவதில்லை என்று அம்மா சொன்னது சரிதான். நான் படகு வாடகைக் கம்பெனியில் கணக்கெழுதுகிறவன். எனவே கேட்டுச் சொல்ல வேண்டியதில்லை, நேராகவே சொல்லிவிடுகிறேன். அத்தையைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு படியுங்கள். ஒரு சொம்பு தண்ணீரும் இருக்கட்டும்.

முதலில் ஏழைகளின் படகு. 42, 45 அடி நீளம், இரட்டை அடிப்பாகம், நான்கு அறை, எட்டுப் பேர் படுக்கலாம். இங்கே வாடகை வாரக் கணக்கில்தான். காற்றடிக்கும் மாதங்களில் ஐயாயிரம் யூரோவுக்கும் கிடைக்கும். கிறிஸ்துமஸ் சமயத்தில் பத்தாயிரத்தைத் தாண்டும். ஒரு யூரோவை நூறு ரூபாய் என்றே வையுங்கள். நடுவாக ஒரு ஏழு லட்சம் ரூபாய். “அட, இவ்வளவுதானா!” என்று நீங்கள் துள்ளுவது இங்கே கேட்கிறது. பொறுங்கள்.

நீங்கள் பூந்தமல்லியில் எத்தனை கல்யாண மண்டபம் பிடித்தவர்! மண்டப வாடகை என்று ஒரு தொகை சொல்வான். பிறகு கரண்டு தனி, ஜெனரேட்டர் டீசல் தனி, பாத்திரம் தனி, துப்புரவு தனி, காவல்காரருக்குத் தனி என்று கடைசி நாள் பில் வரும்போது வாடகைதான் இருப்பதிலேயே சின்ன வரியாக நிற்கும். படகும் அச்சாக அதேதான், தண்ணீரில் மிதக்கிறது என்பதைத் தவிர.

அந்த ஏழு லட்சத்துக்கு வெறும் படகுதான் வரும். ஓட்ட லைசென்ஸ் உங்களிடம் இல்லை; செம்பரம்பாக்கம் ஏரியில் பரிசல் தள்ளிய அனுபவத்தை இவர்கள் ஏற்பதில்லை. ஆகவே கேப்டன், நாளுக்கு 200 யூரோ, வாரத்துக்கு 1,40,000 ரூபாய். சமைக்க ஒருவர், 1,20,000. இருவருக்கும் சாப்பாடு நம் செலவு. எட்டுப் பேரும் நான்கு அறையை அடைத்துக்கொண்டால் அவர்கள் இருவரும் படகின் மூக்குப் பகுதியில் இருக்கும் பொந்தில் மேல்மூடியைத் திறந்து இறங்கிப் படுப்பார்கள். மளிகை ஒன்றரை லட்சம், ஏனென்றால் மீனும் தேங்காயும் போக இந்தத் தீவில் பெரும்பாலானவை கப்பலில் வந்து இறங்குகிறவை. டீசல், படுக்கை விரிப்பு, துப்புரவு, கடல் பூங்காக் கட்டணம் எல்லாம் சேர்த்து இன்னொரு லட்சம். ஆக 12 லட்சத்துக்கு மேல், டிப்ஸ் சேர்க்காமல், விமான டிக்கெட் சேர்க்காமல். இது தவிர நான்கைந்து லட்சம் டெபாசிட்டாக உங்கள் கார்டில் முடங்கிக் கிடக்கும். படகு திரும்பி வந்ததும் ஒருவர் கண்ணாடி மாட்டிக்கொண்டு நீரில் மூழ்கி அடிப்பாகம், சுக்கான், ப்ரொப்பெல்லர் என்று விரலால் தடவிப் பார்ப்பார். அவர் தலை மேலே வரும்வரை வாடிக்கையாளர்கள் நிற்கிற நிலையை நீங்கள் பார்க்க வேண்டும். பிரசவ வார்டு வாசல் தோற்றது.

இனி நீங்கள் ஆசைப்பட்ட நிஜச் சொகுசு. 50 மீட்டர் நீளம், பத்துப் பன்னிரண்டு ஊழியர்கள், வாரத்துக்கு இரண்டு லட்சம் யூரோ. நம் கணக்கில் இரண்டு கோடி. இதற்கு மேல் வாடகையில் 30 சதவீதத்தை முன்பணமாகக் கட்ட வேண்டும். எண்ணெய், சாப்பாடு, துறைமுகக் கட்டணம் எல்லாம் அதிலிருந்துதான் போகும். எனக்குச் சோறு போடுவது அந்த முப்பது சதவீதம்தான். ஒவ்வொரு ரசீதையும் ஒட்டி, மிச்சத்தைத் திருப்பித் தருவது என் வேலை. மிஞ்சுவது அபூர்வம். இப்படிப்பட்ட படகு ஓடும்போது மணிக்கு நூற்றுக்கணக்கான லிட்டர் டீசல் குடிக்கிறது. உலகத்துப் பெரிய டூனா மீன் தொழிற்சாலைகளில் ஒன்று இதே விக்டோரியாவில் இருக்க, நார்வேயிலிருந்து சால்மன் வரவழைத்த ரசீதை நான்தான் ஒட்டினேன். கடைசி நாள் ஊழியர்களுக்கு டிப்ஸ், பத்து சதவீதம் என்றாலும் 20 லட்சம். மொத்தம் 2 கோடியே 80 லட்சம். அதை ஏழு நாளின் மணிக் கணக்கால் வகுத்தால் மணிக்கு ஒன்றரை லட்சத்துக்கு மேல். உங்கள் மதியத் தூக்கம் மட்டும் மூன்று லட்சம் ஆகும், மாமா. குறட்டைக்குத் தனிக் கட்டணம் இல்லை.

இவ்வளவு கொடுத்தாலும் 12 விருந்தினருக்கு மேல் ஏற முடியாது. அதற்கு மேல் போனால் சட்டப்படி அது பயணிகள் கப்பல், விதிமுறைகளே வேறு. பன்னிரண்டு பேர்! நம் வீட்டில் அத்தை வழியை மட்டும் அழைத்தாலே அது தாண்டிவிடும். நெருப்பென்றால் கேப்டன்களுக்குக் குலை நடுங்கும், ஆகவே ஆயுள் ஹோமத்துக்கு வழியில்லை. ஏழைகளின் படகில் தொட்டித் தண்ணீர் எழுநூறு, எண்ணூறு லிட்டர்தான். கலசாபிஷேகத்துக்குக் குடம் குடமாகக் கேட்டால் கேப்டன் உங்களையே கடலில் இறக்கிவிடுவார். பன்னிரண்டு லட்சம் கொடுத்தவர்கள் அரை வாளியில் குளித்துவிட்டு வருவதைத் தினமும் பார்க்கிறேன். ஒரு விஷயம் மட்டும் உங்களுக்குப் பிடிக்கும். ஏறும் இடத்தில் ஒரு கூடை இருக்கும். தேக்குப் பலகை கீறாமல் இருக்க எத்தனை பெரிய கோடீஸ்வரனும் செருப்பைக் கழற்றி அதில் போட்டுவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும்.

இதெல்லாம் பகல் கொள்ளை என்று சொல்லிவிட முடியாது. உப்புக் காற்று எதையும் விட்டு வைப்பதில்லை. ஒரு பம்ப் பழுதானால் பாகம் ஐரோப்பாவிலிருந்து விமானத்தில் வர வேண்டும். பெரிய படகு வாங்கிய விலையில் பத்தில் ஒரு பங்கு ஒவ்வொரு வருடமும் அதைக் காப்பாற்றவே போகும் என்பது இந்தத் தொழிலில் எல்லோரும் சொல்லும் கணக்கு. அதனால்தான் முதலாளிகள் வாடகைக்கு விடுகிறார்கள். விஜய் மல்லையாவின் ‘இந்தியன் எம்ப்ரஸ்’ ஞாபகம் இருக்கிறதா? 95 மீட்டர். 2018 மார்ச்சில் மால்டாவில் சிறைபிடித்தார்கள். காரணம் வங்கிக் கடன் இல்லை, கப்பலில் வேலை செய்த நாற்பதுக்கும் மேற்பட்டவர்களின் சம்பள பாக்கி. கடைசியில் 3.5 கோடி யூரோவுக்கு ஏலம் போனது. படகுக் கணக்கெழுதுகிறவனாக எனக்கு அந்த முடிவில் தனிச் சந்தோஷம்.

வாடகைத் தொழில் இத்தனை பெரிதாகும் என்று யாரும் நினைத்திருக்க மாட்டார்கள். 1969-ல் கரீபியனில் ஓர் அமெரிக்கத் தம்பதி ‘தி மூரிங்ஸ்’ கம்பெனியை ஆறு படகோடு தொடங்கினார்கள். இங்கே செஷல்ஸில் 2000-ல் தொடங்கிய ‘டிரீம் யாட்’டும் ஆறு படகில்தான் ஆரம்பித்தது. நம் ஆட்களின் வரவு அதற்கெல்லாம் முந்தியது. என் ஆபீஸ் ஜன்னலில் தெரிகிற செயின்ட் ஆன் தீவில் 1770-ல் முதன்முதலாகக் குடியேறிய கூட்டத்தில் ஐந்து இந்தியர்கள் இருந்தார்கள். இப்போது இந்த ஊர்க் கடைத்தெருவில் பிள்ளை, நாயக்கன், படையாச்சி என்றெல்லாம் பெயர்ப் பலகை பார்க்கலாம்.

சரி, தீர்ப்பு. அறுபதாம் கல்யாணத்தைத் திருக்கடையூரிலேயே வைத்துக்கொள்ளுங்கள். ஊரே வந்து காலில் விழட்டும். பிறகு நீங்களும் அத்தையும் மட்டும் இங்கே வாருங்கள். விசா வேண்டாம், ஆன்லைனில் பயண அனுமதி எடுத்தால் போதும். மாஹேயிலிருந்து பிரலின் தீவுக்கு விசைப்படகுச் சர்வீஸ் இருக்கிறது, ஒரு மணி நேரம், ஆளுக்குச் சில ஆயிரம் ரூபாய். பார்ப்பது அதே கடல், அதே தீவு. பிரலினில் வாலே தெ மே காட்டில் இரட்டைத் தேங்காய் மரத்தில் தொங்குவதை அத்தைக்குக் காட்டலாம். உலகத்திலேயே பெரிய விதை அதுதான். பக்கத்திலுள்ள கஸின் தீவில் கோடீஸ்வரன் படகும் கரை தொட முடியாது. எலி ஏறிவிடுமென்று காவலர்கள் தங்கள் படகில்தான் எல்லோரையும் இறக்குவார்கள். அங்கே நீங்களும் அந்தக் கோடீஸ்வரனும் ஒரே பலகையில் உட்காரலாம். தைப்பூசத்துக்கு வந்தால் விக்டோரியா நவசக்தி விநாயகர் கோயிலில் காவடி பார்க்கலாம். ஏப்ரலில் வந்தால் கடல் சாதுவாக இருக்கும், அத்தைக்குக் குமட்டாது.

தங்க என் அறை இருக்கிறது. மயிலாடுதுறைப் பையன் சாம்பார் நன்றாக வைப்பான். டிக்கெட் போடும் முன் ஒரு வார்த்தை சொல்லுங்கள். டிசம்பர் கடைசி வாரம் மட்டும் வேண்டாம். அந்த வாரம் எல்லாப் படகும் வாடகைக்குப் போயிருக்கும், எனக்கு லீவும் கிடைக்காது.

இப்படிக்கு,
உங்கள் அக்கா மகன்.