பெட்டியைத் திருப்பிப் பார்க்காதீர்கள்

தீபாவளிக்கு இனிப்பு கொடுப்பவர்களில் ஒரு சாரார் அடுப்படியில் நின்று அதிரசம் சுடுகிறார்கள். அவர்களுக்கு யார் ஆலோசனையும் வேண்டாம். இன்னொரு சாரார் முதல் நாள் சாயங்காலம் சூப்பர் மார்க்கெட்டில், ஆள் உயரத்துக்கு அடுக்கிய சாக்லேட் பெட்டிகளுக்கு முன்னால் திகைத்து நிற்பவர்கள். இந்தக் கையேடு அவர்களுக்கு. 2025 செப்டம்பர் 22 முதல் சாக்லேட்டுக்கு ஜி.எஸ்.டி. 18 சதவீதத்திலிருந்து 5 சதவீதமாக இறங்கிவிட்டது. மைசூர்பாகுக்கும் அதே வரிதான். ஆகவே வரியைக் காட்டித் தப்பிக்கவும் வழியில்லை.

தரத்துக்கு முதல் சோதனை, பெட்டியின் பரப்பளவு. வாசலில் நின்று நீட்டும்போது அது உங்கள் தொப்பையை முழுக்க மறைக்க வேண்டும். உள்ளே பிளாஸ்டிக் தட்டில் குழி குழியாக உருண்டைகள் உட்கார்ந்திருக்கும். ஒரு குழிக்கும் அடுத்த குழிக்கும் நடுவில் ஆட்டோ திரும்பலாம். நிகர எடை எவ்வளவு என்று ஒரு மூலையில் அச்சடித்திருப்பார்கள். தராசு வைத்துப் பார்க்கும் சம்பந்தி இதுவரை பிறக்கவில்லை. தகர டப்பாவாகக் கிடைத்தால் யோசிக்கவே வேண்டாம். உள்ளே இருப்பது கார்த்திகைக்குள் தீர்ந்துபோகும். டப்பாவோ வற்றல் மிளகாய் சுமந்துகொண்டு பேரன் கல்யாணம் வரைக்கும் பரணில் இருக்கும். அதனால் கடையில் மூடியைத் திறந்து மூடி, இறுக்கமாக உட்காருகிறதா என்று பாருங்கள். சாக்லேட்டைப் பற்றி அதற்குமேல் விசாரிக்கத் தேவையில்லை.

முக்கியமாக, பெட்டியைத் திருப்பிப் பின்பக்கம் பார்க்கக் கூடாது. பார்த்தால் நிம்மதி போய்விடும். அங்கே எறும்பெழுத்தில் சேர்மானப் பட்டியல் இருக்கிறது. எது எடையில் அதிகமோ அது முதலில் வரவேண்டும் என்பது சட்டம். பெரும்பாலும் முதலிடம் சர்க்கரைக்கு. அதில் வருத்தப்பட ஒன்றுமில்லை, தீபாவளிதானே. வில்லங்கம் அடுத்து வருகிற கொழுப்பில் இருக்கிறது. கோகோ வெண்ணெய் மட்டும் என்றால் கையில் இருப்பது சாக்லேட். ஹைட்ரஜனேற்றிய தாவரக் கொழுப்பு என்றால் அது காம்பவுண்ட்: கோகோத் தூள், சர்க்கரை, பெரும்பாலும் எண்ணெய்ப்பனைக் கொட்டையின் கொழுப்பு. கோகோ வெண்ணெயை எடுத்துவிட்டு அந்த இடத்தில் மலிவான ஒன்றை உட்காரவைத்த ஏற்பாடு.

ஏன் இப்படி என்று கடைக்காரரைக் கோபித்துக்கொள்ளாதீர்கள். உலகக் கோகோவில் பாதிக்கு மேல் ஐவரி கோஸ்ட், கானா என்ற இரண்டே நாடுகளில் விளைகிறது. அங்கே மழை தப்பி, மரத்துக்கு நோயும் வந்து, 2024 டிசம்பரில் நியூயார்க் சந்தையில் கோகோ டன்னுக்கு 12,000 டாலரைத் தாண்டியது. சில ஆண்டுகளுக்கு முன் அது 2,500 டாலர் வாக்கில் இருந்த சரக்கு. கோகோ வெண்ணெயை உதட்டுச்சாயம் செய்பவர்களும் கேட்கிறார்கள். நாம் கால் கிலோப் பெட்டியை முந்நூறு ரூபாய்க்குக் கேட்கிறோம். யாராவது ஒருவர் விட்டுக்கொடுக்கத்தானே வேண்டும்?

ஐரோப்பாவிலும் இதற்குச் சின்ன ஓட்டை உண்டு. 2000ஆம் ஆண்டு வந்த ஐரோப்பிய ஒன்றிய விதிப்படி, சாக்லேட்டில் கோகோ வெண்ணெய் அல்லாத தாவரக் கொழுப்பு 5 சதவீதம் வரை இருக்கலாம். அதற்கென்று ஆறு கொழுப்புகளை மட்டும் அனுமதித்திருக்கிறார்கள். அந்த ஆறில் ஒன்று மாங்கொட்டைப் பருப்பின் கொழுப்பு. சேலத்தில் நாம் சப்பித் துப்புவதற்கு பிரஸ்ஸல்ஸில் சட்ட அங்கீகாரம் இருக்கிறது என்பது அமெரிக்கச் சம்பந்தியிடம் சொல்லிப் பெருமைப்பட வேண்டிய செய்தி.

காம்பவுண்டைப் பற்றி நல்லதும் சொல்ல வேண்டும். கோகோ வெண்ணெய் 34 டிகிரி செல்சியஸ் வாக்கில் உருகும். உடம்புச் சூட்டுக்குக் கொஞ்சம் கீழே. நல்ல சாக்லேட் நாக்கில் வைத்ததும் கரைவதன் ரகசியம் இதுதான். அதே ரகசியம் ஐப்பசி மாதத்துச் சென்னையில், ஸ்கூட்டர் இருக்கைக்கு அடியில் இருக்கும் பெட்டிக்குள் அம்பலமாகிவிடும். வேளச்சேரியில் ஏறும்போது பன்னிரண்டு உருண்டை, தாம்பரத்தில் இறங்கும்போது ஒரே பாளம். காம்பவுண்டுக்கு இந்த வம்பு குறைவு. குத்துவிளக்குப் பக்கத்தில் வைத்தாலும் நிமிர்ந்து நிற்கும். வாயில் போட்டாலும் நிமிர்ந்தேதான் நிற்கும்; மெல்ல மெல்ல அண்ணத்தில் மெழுகாக ஒட்டிக்கொள்ளும். வாங்கிக்கொண்டவர்கள் அதை வெளிநாட்டுத் தரம் என்று நினைத்துக்கொள்வார்கள். திருத்தாதீர்கள்.

பிடிவாதமாக அசல் சாக்லேட்டையே வாங்கிவிட்டீர்கள், அது வழியில் உருகி மறுபடி இறுகியும் விட்டது என்றால், மேலே வெள்ளையாகப் பூத்திருக்கும். கோகோ வெண்ணெய் ஆறு விதமாகப் படிகமாகக் கூடியது. ஐந்தாவது வடிவத்தில் நிற்கும்படி பதமாகச் சூடேற்றி ஆற்றினால்தான் பளபளப்பும், உடைக்கும்போது ‘டக்’ என்ற சத்தமும் வரும். தன்னிஷ்டத்துக்கு உருகி இறுகினால் கொழுப்பு மேலே வந்து வெளிறிப்போகும். உடம்புக்கு ஒரு கெடுதலும் இல்லை. ஆனால் இந்தப் படிகக் கணக்கையெல்லாம் அத்தையிடம் விளக்க முடியாது. அத்தை ‘பூஞ்சை’ என்று ஒரே சொல்லில் தீர்ப்பு எழுதிவிடுவார். பூக்காமல் இருக்கட்டும் என்று ஃபிரிட்ஜில் வைப்பவர்கள், அங்கே ஏற்கெனவே குடியிருக்கும் மல்லிகைச் சரத்தையும் பூண்டுத் துவையலையும் நினைத்துக்கொள்ளவும். கோகோ வெண்ணெய் பக்கத்து வீட்டு வாசனையை இழுத்து வைத்துக்கொள்ளும்.

வெளிநாட்டுச் சாக்லேட் விஷயத்தில் ஒரே விதி: எந்த நாடு என்று கேட்காதீர்கள். சுவிட்சர்லாந்து என்றாலே மலை என்று ஆகிவிட்டது அல்லவா? 1908இல் பெர்ன் நகரில் பிறந்த டாப்ளரோன், தன் உறையில் மேட்டர்ஹார்ன் மலையைப் போட்டிருந்தது. தயாரிப்பில் ஒரு பகுதி ஸ்லோவாக்கியாவுக்குப் போனதும், சுவிஸ் அடையாளங்களை இனிப் பயன்படுத்தக் கூடாது என்று அந்த நாட்டுச் சட்டம் குறுக்கே நின்றது. 2023இல் உறையிலிருந்து மேட்டர்ஹார்ன் இறங்கிக்கொண்டது. பெயரில்லாத ஏதோ ஒரு மலை வந்து உட்கார்ந்தது. இந்த நாணயம் நமக்குச் சரிப்படாது. சவுதியிலிருந்து வரும் மச்சான் துபாய் விமான நிலையத்தில் வாங்கியது, எங்கே செய்ததாக இருந்தாலும், நம் வீட்டில் ‘துபாய் சாக்லேட்’தான். உண்மையிலேயே அந்தப் பெயரில் பிஸ்தாவும் குனாஃபா நூலும் அடைத்த ஒரு வகை 2023 கடைசியில் டிக்டாக் வழியே உலகம் சுற்றியது. அதை வாங்கி வந்தவர்கள் இப்போது, ‘இல்லைங்க, இது நிஜமான துபாய் சாக்லேட்’ என்று விளக்கிக்கொண்டிருக்கிறார்கள்.

ஊட்டிக்குப் போய் வருபவர்களுக்குத் தனிப் பாடம் தேவையில்லை. சேரிங் கிராஸில் இறங்கினால் ‘ஹோம் மேட்’ என்ற பலகை இல்லாத கடையைத் தேடத்தான் சிரமப்பட வேண்டும். பல கடைகளில் பாளமாக வரும் காம்பவுண்டை உருக்கி, முந்திரியோ திராட்சையோ தூவி, அச்சில் ஊற்றுகிறார்கள். வீட்டில் செய்தது என்பதில் பொய்யில்லை. யார் வீடு என்றுதான் தெரியாது. மலைக்காற்றில் நின்று சாப்பிடும்போது எல்லாமே ருசிக்கும். மேட்டுப்பாளையத்துக்கு இறங்கிய பிறகு அபிப்பிராயம் கேட்காமல் இருப்பது கடைக்காரருக்குச் செய்யும் மரியாதை.

சதவீதக் கணக்குக்கு வருவோம். 70 சதவீதம் என்று முகப்பில் போட்டிருந்தால், அந்தக் கட்டியில் எழுபது பங்கு கோகோவிலிருந்து வந்தது என்று பொருள். கோகோ விழுதும் கூடுதலாகச் சேர்த்த கோகோ வெண்ணெயும் அதில் அடங்கும். மீதி ஏறக்குறைய முழுக்கச் சர்க்கரை. எண் பெரிதானால் தரம் உயர்ந்தது என்று அர்த்தமில்லை. கருக வறுத்த மட்டக் கொட்டையிலும் 70 சதவீதம் செய்யலாம். சுவையின் விதை தோட்டத்திலேயே விழுகிறது: பழத்தை உடைத்து, சதையோடு கொட்டையைப் பெட்டியில் குவித்து, ஐந்தாறு நாள் புளிக்கவைத்து, பிறகு வெயிலில் காயவைக்கும் அந்த வேலையில். இதைச் சரியாகச் செய்தவர் யார் என்று உறையில் பெயர் போடும் தயாரிப்பாளர்கள் இருக்கிறார்கள். அவர்களுடையதை வாங்குவதுதான் முறை.

முறைதான். ஆனால் அதைப் பரிசாகக் கொடுத்தால் என்ன ஆகும் தெரியுமா? தட்டில் கறுப்பாக, சின்னதாக, கசப்பு வாசனையோடு ஒன்றை வைத்ததும் மாமனார் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு கேட்பார்: “மாப்பிள்ளை, இதை எப்பச் சாப்பிடணும்? எண்ணெய் தேய்ச்சுக் குளிச்சதும் வெறும் வயித்துலயா?” லேகியம் என்று நினைத்துவிட்டார். சுக்கும் திப்பிலியும் எங்கே என்று ஆராய்ந்துகொண்டே ஒரு நெல்லிக்காய் அளவு உடைத்து வாயில் போடுவார். உள்ளேயிருந்து மாமியார் குரல் வரும்: “கசக்குதே, கெட்டுப்போச்சோ என்னவோ. பில்லு இருந்தா கடையில மாத்திக்கோங்க மாப்பிள்ளை.” விலையை மட்டும் சொல்லிவிடாதீர்கள். எழுபது கிராம் கட்டி என்ன விலை என்று தெரிந்தால், அடுத்த தீபாவளிச் சீர் பேச்சுவார்த்தையில் அது உங்களுக்கு எதிராகச் சாட்சி சொல்லும்.

இத்தனைக்கும் அந்தக் கட்டி தூரத்து நாட்டிலிருந்து வந்ததுகூட இல்லை. பொள்ளாச்சி, ஆனைமலைப் பக்கம் தென்னைக்கு ஊடுபயிராகக் கோகோ நிற்கிறது. தேங்காய் பறிக்க வரும் ஆள் காயைத் தட்டிப் பார்த்துவிட்டுப் போகிறார். அங்கேயே விளைந்து அங்கேயே சாக்லேட் ஆவதும் உண்டு; ஆரோவில்லிலும் செய்கிறார்கள். இன்னும் ஒரு விஷயம். இந்த நூற்றாண்டின் தொடக்கத்தில் அமெரிக்காவில் சிறிய அளவில், கொட்டையிலிருந்தே சாக்லேட் செய்யக் கிளம்பியவர்களுக்கு இயந்திரம் கிடைக்கவில்லை. தொழிற்சாலை உருளைகள் வாங்கக் காசில்லை. தேடித் தேடி அவர்கள் கண்டுகொண்டது கோயம்புத்தூர் வெட் கிரைண்டரை. கோகோ விழுதைக் கருங்கல்லில் நாள்கணக்கில் ஓடவிட்டால், துகள் நாக்குக்கு அகப்படாத அளவுக்கு நைந்துவிடுகிறது. 1879இல் லிண்ட் என்ற சாக்லேட்காரர் பெர்னில் கண்டுபிடித்த, சாக்லேட்டைக் கடைந்து மென்மையாக்கும் கான்ச் இயந்திரத்தின் வேலையிலும் ஒரு பங்கை அதுவே பார்த்துவிடுகிறது. மோட்டாரைக் கொஞ்சம் பலப்படுத்தி, இதற்கென்றே மாற்றியமைத்த கிரைண்டர்கள் இன்று பல நாட்டுச் சாக்லேட் பட்டறைகளில் சுற்றிக்கொண்டிருக்கின்றன. உளுந்து அரைக்கும் அதே கல். புவிசார் குறியீடும் அந்தக் கிரைண்டருக்கு உண்டு. இவ்வளவையும் நீங்கள் சொல்லி முடிப்பதற்குள் மாமனார் முறுக்குத் தட்டுக்குப் போயிருப்பார்.

ஆகவே இந்த எழுபது கிராம் கட்டியைப் பரிசுப் பட்டியலில் சேர்க்காதீர்கள். வாங்கி, பரிசுகளை எல்லாம் விநியோகித்து முடித்த இரவில், நீங்களே சாப்பிட்டுவிடுங்கள்.

அலுவலக மேலதிகாரிக்குப் போன வருடம் உங்களுக்கு வந்த பெட்டியே போதும். தேதியையும், உள்ளே இருக்கும் வாழ்த்து அட்டையையும் மட்டும் கவனித்துக்கொள்ளுங்கள். அடுக்குமாடிக் காவலாளிக்குச் சாக்லேட் கொடுப்பதைவிடப் பணமாகக் கொடுப்பது நல்லது. இதில் கிண்டல் இல்லை.

கடைசியாக, சர்க்கரை நோய் உள்ள சித்தப்பா. அவருக்கென்று ‘சுகர் ஃப்ரீ’ பெட்டி இருக்கிறது. பெரும்பாலும் அதில் சர்க்கரைக்குப் பதில் மால்டிடால் இருக்கும். கலோரி சர்க்கரையின் பாதிக்குச் சற்று அதிகம். ரத்தச் சர்க்கரையையும் ஓரளவு ஏற்றத்தான் செய்யும். கொழுப்பு எங்கேயும் போய்விடாது. இந்தப் பெட்டியை மட்டும் நம் விதியை மீறி ஒரு தடவை திருப்பிப் பாருங்கள். இந்த வகை இனிப்புகளுக்கு மலமிளக்கும் தன்மை இருக்கலாம் என்று ஓர் எச்சரிக்கை அச்சாகியிருக்கும். சித்தப்பா அதைப் படிக்க மாட்டார். ‘சர்க்கரை இல்லையா? சரி, இங்க வை’ என்று இரவு சீரியல் முடிவதற்குள் அரைப் பெட்டியைத் தீர்த்துவிடுவார். விடியற்காலை நாலு மணிக்கு அந்த வீட்டில் எல்லாருக்கும் கங்கா ஸ்நானம். ஆகவே பில் போடுவதற்கு முன்னால் சித்திக்கு ஒரு போன் போட்டு, வீட்டில் எத்தனை பாத்ரூம் என்று கேட்டுக்கொள்ளுங்கள்.