நூறு என்று அச்சிடு, எண்பதுக்குக் கொடு

ஆன்லைன் மருந்துக்கடை ஆப்களுக்கு யாராவது ஒரு பாராட்டு விழா எடுக்க வேண்டும். பொன்னாடை, ஆள் உயர மாலை, கட்-அவுட் எல்லாமே தகும். சர்க்கரை நோயாளி ஒருவரை மாதம் தவறாமல் சேமிக்கிற மனிதராக மாற்றிக் காட்டிய பெருமை வேறு யாருக்கு உண்டு? மாத்திரைக்கு 2,400 ரூபாய் கட்டி முடித்ததும் திரையில் பச்சை எழுத்து மினுக்கும்: ‘வாழ்த்துகள்! இந்த ஆர்டரில் நீங்கள் 600 ரூபாய் சேமித்தீர்கள்.’ போன 2,400 பற்றிப் பேச்சே கிடையாது. அது தலைவிதிக் கணக்கு. 600 மட்டும்தான் சாதனைக் கணக்கு.

இன்னும் 63 ரூபாய்க்கு வாங்கினால் டெலிவரி இலவசம் என்று ஆப் நமக்காகக் கவலைப்படும். அதன் கவலையைத் தீர்க்க, இருமலே இல்லாத வீட்டுக்கு ஒரு டப்பா இருமல் மிட்டாய் வாங்குவோம். டாக்டர் சீட்டு இல்லையா? அதற்கும் ஆள் இருக்கிறார். எங்கிருந்தோ ஒரு மருத்துவர் போனில் வந்து, நாம் ஏற்கெனவே கூடையில் போட்ட மாத்திரையையே நமக்கு எழுதிக் கொடுப்பார். நோயாளி சொல்ல மருத்துவர் எழுதும் புதிய குருகுலம் இது.

சரி, குறுக்கே கோடு கிழித்துக் காட்டுகிறார்களே, அந்த 3,000 ரூபாய் எங்கிருந்து வந்தது?

ஆடி மாதம் தி.நகர் ஜவுளிக்கடையில் விலையை ஏற்றி வைத்துக் குறைத்துத் தரும் வித்தை நமக்குத் தெரியாததா? தெரிந்தேதான் போகிறோம். பிடிக்காவிட்டால் வெறுங்கையோடு வெளியே வந்து ஒரு காபி குடித்துவிட்டுப் பஸ் ஏறுகிறோம். இன்சுலின் போட்டுக்கொள்கிறவர், இந்த மாதம் வேண்டாம், தீபாவளிக்குப் பார்த்துக்கொள்ளலாம் என்று கணையத்திடம் சொல்ல முடியுமா? முடியாது என்பது விற்பவருக்குத் தெரியும். வியாபாரமே அதன்மேல்தான் நிற்கிறது.

அட்டையில் அச்சிட்ட விலைக்கும் அது கடைக்கு வந்து சேரும் விலைக்கும் நடுவில் இருக்கும் இடைவெளியில்தான் இந்த தேசத்தின் மருந்து வணிகம் குடியிருக்கிறது. பெரிய பிராண்டுகளில் கடைக்காரருக்கு 16 முதல் 20 சதவீதம், மொத்த வியாபாரிக்கு 8 முதல் 10 சதவீதம் என்பது வழக்கம். ஜெனரிக் என்ற பெயரில் கடைக்கு நேரே வரும் சரக்கின் கதை வேறு. அச்சிட்ட விலையில் ஐந்தில் ஒரு பங்குக்குக் கடைக்கு வரும் அட்டைகள் அங்கே உண்டு. அதில் 20 சதவீதம் என்ன, 40 சதவீதம் தள்ளிக் கொடுத்தாலும் கொடுத்தவர் வள்ளல்தான், கல்லாவும் நிறைந்திருக்கும். ஆப்பைத் திட்டும் முனைக்கடை அண்ணாச்சியும் இதில் பெரிய சன்னியாசி அல்லர். ஒரே கிணற்றில் இருவர் நீர் இறைக்கிறார்கள். ஒருவரிடம் மோட்டார் இருக்கிறது, அவ்வளவுதான்.

இவ்வளவு பெரிய விலையை ஏன் அச்சிட வேண்டும்? தேசிய மருந்து விலை நிர்ணய ஆணையம் 2018இல் தில்லி வட்டாரத்துத் தனியார் மருத்துவமனைகள் நான்கின் பில்களைப் பிரித்துப் பார்த்தது. சில பொருள்களில் லாபம் 1,737 சதவீதம் வரை போயிருந்தது. மொத்தமாக வாங்கும் மருத்துவமனைகளுக்கு விலை அதிகமாக அச்சிட்ட சரக்குதான் வேண்டியிருக்கிறது, அதனால் கம்பெனிகளும் அப்படியே அச்சிடுகின்றன என்று அந்த ஆணையமே எழுதி வைத்தது. அரிசிக் கடையில் விலை குறைந்தால் சரக்கு ஓடும். மருந்தில் விலை கூடினால்தான் சரக்கு ஓடும். ஏனென்றால் தேர்ந்தெடுப்பவர் ஒருவர், விழுங்குபவர் ஒருவர், பணம் கட்டுபவர் மூன்றாமவர்.

‘அரசு விலைக் கட்டுப்பாடு வைத்திருக்கிறதே?’ என்று கேட்பீர்கள். வைத்திருக்கிறது. 1995ஆம் ஆண்டின் ஆணை, கட்டுப்பாட்டுக்குள் வந்த மருந்துகளுக்குத் தயாரிக்க என்ன செலவாகிறது என்று கேட்டது. அது அநாகரிகமான கேள்வி என்று பின்னால் யாருக்கோ பட்டிருக்க வேண்டும். 2013ஆம் ஆண்டின் ஆணை அந்தக் கேள்வியையே எடுத்துவிட்டது. சந்தையில் குறைந்தது 1 சதவீதப் பங்கு வைத்திருக்கும் பிராண்டுகள் என்ன விலைக்குக் கடைக்குக் கொடுக்கின்றனவோ, அதைக் கூட்டி வகுத்துச் சராசரி எடுப்பார்கள். மேலே கடைக்காரருக்கு 16 சதவீதம். அதுதான் உச்சவரம்பு. விற்பவர்கள் வைத்த விலையே விற்பவர்களுக்குக் கட்டுப்பாடு! மலிவாக விற்றும் 1 சதவீதத்தை எட்டாத சின்னக் கம்பெனியின் விலை அந்தச் சராசரியில் சேராது.

அந்த வரம்பும் மொத்த விலைக் குறியீட்டோடு சேர்ந்து ஏறும். 2022இல் 10.77 சதவீதம், 2023இல் 12.12 சதவீதம். விலைக் கட்டுப்பாட்டுப் பட்டியலுக்கு வெளியே உள்ள மருந்துகளா? ஆண்டுக்கு 10 சதவீதம் வரை ஏற்றிக்கொள்ளலாம், கேட்பார் இல்லை. ‘கட்டுபடியாகவில்லை’ என்று கம்பெனிகள் சொன்னதும், 2024 அக்டோபரில் எட்டு மருந்துகளின் உச்சவரம்பை ஆணையம் ஒரே வீச்சில் 50 சதவீதம் உயர்த்தியது. மூச்சிரைப்புக்குத் தரும் சால்புடமால், காசநோய்க்குத் தரும் ஸ்ட்ரெப்டோமைசின், மனநோய்க்குத் தரும் லித்தியம் எல்லாம் அதில் அடக்கம். கட்டுபடியாகவில்லை என்று நோயாளி மனுக் கொடுத்தால் வாங்க எந்த அலுவலகத்திலும் ஜன்னல் இல்லை.

விலையைக் குறைக்க அரசால் முடியாது என்று மட்டும் யாரும் சொல்லிவிடாதீர்கள். 2019 பிப்ரவரியில் 42 புற்றுநோய் மருந்துகளுக்கு ‘வியாபார லாபம் 30 சதவீதத்தைத் தாண்டக் கூடாது’ என்று ஓர் ஆணை போட்டார்கள். 390 பிராண்டுகளின் விலை சரிந்தது. சிலவற்றில் 87 சதவீதம் வரை. ஆணைக்கு முந்தைய நாள் தாலியை அடகு வைத்து ஊசி வாங்கியவர் எந்த விலையைக் கட்டினார்? மறுநாள் இல்லாமல் போகக்கூடிய விலையைக் கட்டினார். ஒரு கையெழுத்தில் இவ்வளவு குறையும் என்றால், அந்தக் கையெழுத்து வராத ஒவ்வொரு நாளுக்கும் ஒரு பெயர் உண்டு. அச்சில் போட முடியாத பெயர்.

2025 மார்ச்சில் இன்னொரு வேடிக்கை. சர்க்கரைக்குத் தரும் எம்பாக்ளிஃப்ளோசின் காப்புரிமை முடிந்தது. 60 ரூபாய் அளவில் இருந்த மாத்திரைக்குப் போட்டியாக ஐந்தாறு ரூபாயிலேயே மாத்திரைகள் இறங்கின. ஆராய்ச்சிக்கு ஈடு வேண்டும் என்பது புரிகிறது. அந்த 60 ரூபாயிலும் 15 சதவீதம் தள்ளிக் கொடுத்துவிட்டு ‘வாழ்த்துகள்’ சொன்னார்களே, அந்த வாழ்த்துதான் புரியவில்லை.

இனி மானியம். மானியமே இல்லை என்று சொன்னால் நாக்கு அழுகும். மருந்து மூலப்பொருள் தயாரிக்கும் ஆலைகளுக்கு 6,940 கோடி, மருந்து உற்பத்தியை ஊக்குவிக்க 15,000 கோடி என்று மத்திய அரசு ஒதுக்கியது. சீனாவின் கையை எதிர்பார்த்து நிற்கக் கூடாது என்பது நியாயமான காரணமே. அதில் எத்தனை பைசா என் அட்டையில் குறைந்தது என்று மட்டும் எந்த பில்லிலும் இல்லை. உற்பத்தியாளருக்கு ஊக்கத்தொகை, நோயாளிக்குக் கூப்பன் கோடு.

ஏழைக் குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய்க் காப்பீடு இருக்கிறதே? இருக்கிறது, படுக்கையில் விழுந்த பிறகு. ஆயுஷ்மான் திட்டத்தில் மருத்துவமனைக்குப் போகும் முன் 3 நாள், திரும்பிய பின் 15 நாள் மருந்துக்குத்தான் பணம். பிரஷர் மாத்திரை வாங்க வழியில்லாமல் பக்கவாதம் வந்தால் லட்சங்கள் தயார். பக்கவாதம் வராமல் காக்கும் மாத்திரைக்கு அந்தக் காப்பீட்டில் சல்லிக்காசு கிடையாது.

மலிவுக் கடைகள் உண்டு. மத்திய அரசின் மக்கள் மருந்தகங்கள் 15,000ஐத் தாண்டிவிட்டன. தமிழக அரசு 2025 பிப்ரவரி 24 அன்று ஒரே நாளில் 1,000 முதல்வர் மருந்தகங்களைத் திறந்தது. விலை பாதி, அதற்கும் கீழே. இதைவிட நேர்மையான ஒப்புதல் வாக்குமூலம் உலகில் இல்லை. நஷ்டப்படாமல் இந்த விலைக்கு விற்க முடியும் என்று பலகை மாட்டிச் சொல்லிவிட்டு, எதிர்க்கடையில் நாலு மடங்கு விலையை அச்சிட அனுமதியும் தருகிறார்கள். தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் 1994இலிருந்து இருக்கிறது. டெண்டர் விட்டு வாங்கி, அரசு மருத்துவமனையில் இலவசமாகத் தருகிறார்கள். ஆக, ஒரு மாத்திரையின் உண்மையான விலை கோட்டைக்கும் தெரியும், தில்லிக்கும் தெரியும். தெரியாத ஒரே ஆள் அதை விழுங்குகிறவர்.

சரி, அந்த மலிவுக் கடைக்கே போகலாம் என்றால், சீட்டில் டாக்டர் பிராண்டுப் பெயரை எழுதியிருப்பார். எழுதியதற்குப் பதிலாக அதே மருந்தை வேறு பெயரில் கொடுக்கக் கூடாது என்கிறது மருந்து விதி 65. ஜெனரிக் பெயரில்தான் எழுத வேண்டும் என்று தேசிய மருத்துவ ஆணையம் 2023 ஆகஸ்டில் ஒரு விதி போட்டது. எதிர்ப்பு வந்ததும் அதே ஆகஸ்டில் அதைக் கிடப்பில் போட்டது. ஒரு கையால் கடையைத் திறந்து, மறு கையால் வாசலைச் சாத்துவதற்கு இரண்டு துறைகள் வேண்டியிருக்கின்றன.

ஆன்லைன் மருந்து விற்பனைக்கான சட்டமா? 2018 ஆகஸ்டில் வரைவு விதி வந்தது. விதியை அறிவிக்கும்வரை ஆன்லைனில் விற்கக் கூடாது என்று அதே ஆண்டு டிசம்பரில் சென்னை உயர் நீதிமன்றத் தனி நீதிபதி சொன்னார். இரண்டே வாரத்தில் டிவிஷன் பெஞ்ச் அந்த உத்தரவுக்குத் தடை விதித்தது. பிறகு பெரிய முதலாளிகள் இந்த ஆப்களை வாங்கினார்கள், கோடிகள் புரண்டன. வரைவு வரைவாகவே இருந்தது. சட்டம் இல்லாத இடத்தில் எவ்வளவு பெரிய கட்டடமும் கட்டலாம் என்பது இந்த ஊரில் ரியல் எஸ்டேட்காரர் கண்டுபிடித்த உண்மை.

2021-22 கணக்குப்படி நாட்டின் 100 ரூபாய் மருத்துவச் செலவில் 39 ரூபாய் 40 காசு நோயாளியின் கைக்காசு. 2013-14இல் 64 ரூபாயாக இருந்ததே, இறங்கிவிட்டதே என்று மார்தட்டுகிறார்கள். அரசும் ஆப்பைப் போலவே பேசக் கற்றுக்கொண்டது. கட்டிய தொகையை விழுங்கிவிட்டு, குறைந்த தொகைக்கு வாழ்த்துச் சொல்கிறது.

எங்களுக்குத் தள்ளுபடி வேண்டாம். கூப்பன், கேஷ்பேக், பச்சை எழுத்து எதுவும் வேண்டாம். ஒவ்வொரு அட்டையிலும் எம்.ஆர்.பி.க்குப் பக்கத்தில், கம்பெனி அதைக் கடைக்கு என்ன விலைக்குக் கொடுத்தது என்பதையும் அச்சிடச் சட்டம் போடுங்கள். ஒரே ஒரு வரி. அதற்கு மானியம் தேவையில்லை, டெண்டர் தேவையில்லை, திறப்பு விழாவும் தேவையில்லை. அந்த வரியைப் போட உங்கள் கை நடுங்குகிறது என்றால், யாருடைய லாபத்துக்காக நடுங்குகிறது என்பதையாவது அட்டையின் பின்பக்கம் அச்சிடுங்கள்.