பதிவு பெறாத அம்முச்சி மீது நடவடிக்கை கோரும் மனு

பெறுநர்:
இணை இயக்குநர் அவர்கள்,
மருத்துவம் மற்றும் ஊரக நலப்பணிகள்,
கோயம்புத்தூர் மாவட்டம்.

பொருள்: பிள்ளை பெற்றவளுக்கு நெய்ச்சோறு போட்டு நவீன சிகிச்சைக்கு இடையூறு செய்யும் மூதாட்டி – நடவடிக்கை வேண்டி.

மதிப்பிற்குரியீர்,

என் மாமியார் மீது புகார் கொடுக்கிறேன். சொத்துத் தகராறு ஏதும் இல்லை. முழுக்க முழுக்கச் சுகாதாரப் பிரச்சினை.

அவருக்குச் சொந்த ஊர் கோபிச்செட்டிப்பாளையம் பக்கம், வயது 78. என் மகளுக்குக் குழந்தை பிறந்ததும் பெட்டியோடு வந்து இறங்கிய இந்த அம்முச்சி, அதாவது அவளுடைய தாய்வழிப் பாட்டி, அன்று முதல் எங்கள் வீட்டில் பேறுகால வைத்தியம் நடத்தி வருகிறார். காலையில் பிரசவ லேகிய உருண்டை, மதியம் பூண்டுக் குழம்பு, சோறு தெரியாத அளவுக்கு நெய். வயிற்றைச் சுற்றிப் பழைய நூல் சேலையில் ஒரு கட்டு. 1997ஆம் ஆண்டு மருத்துவ நிறுவனங்கள் ஒழுங்குமுறைச் சட்டப்படி உங்கள் அலுவலகத்தில் பதிந்திருக்கிறாரா என்று பணிவோடு கேட்டேன். "ரேசன் கார்டுலயே பேரு இருக்குதுங்களே மாப்பிள்ளை, பத்தாதுங்களா?" என்றார். கட்டணப் பலகை கிடையாது. மாதத் தவணை கிடையாது. 'முன்', 'பின்' என்று இரண்டு படம்கூட எடுத்து மாட்டவில்லை.

இவற்றையாவது மன்னிக்கலாம். தொழில் வளர்ச்சிக்கே குறுக்கே நின்றதை எப்படி மன்னிப்பது?

கர்ப்பத்தில் நடந்த கட்டுச்சோறு விருந்துப் படத்தை மகள் போனில் ஏற்றிய நாளிலிருந்து விளம்பரங்கள் அவளைத் துரத்துகின்றன. அம்மா ஆனாலும் அதே இடுப்பு. கத்தியில்லை, தையலில்லை, மதிய இடைவேளையில் வந்து போகலாம். நகரின் ஒரு மினுமினுப்பான கிளினிக்குக்கு விசாரிக்கப் போனாள். பேத்தியைத் தனியே விடாமல் அம்முச்சியும் போனார். தவறு அங்கேதான் நடந்தது.

"ஏங்கண்ணு, பால் குடுக்கற புள்ளைக்கு இதைப் பண்ணலாமா?"

"தாராளமா பண்ணலாங்க பாட்டி. இதுவரைக்கும் யாருக்கும் ஒண்ணும் ஆனதில்லைங்க."

"செரி. பால் குடுக்கறவங்க எத்தனை பேருக்குப் பண்ணிப் பாத்தீங்க?"

வரவேற்பறையில் குளிரூட்டியின் சத்தம் மட்டும் கேட்டதாம். மூன்றாம் வகுப்போடு நின்ற ஒருவர், அந்தத் துறையின் மொத்த ஆராய்ச்சியையும் இப்படி ஒரே கேள்வியில் பொதுவெளியில் போட்டு உடைக்கலாமா?

ஏனென்றால் அந்தக் கேள்விக்குப் பதில் யாரிடமும் இல்லை. அந்தக் கிளினிக் விற்கும், கொழுப்பை உறைய வைக்கும் வித்தையின் கதையே ஒரு குழந்தையின் கன்னத்தில்தான் தொடங்குகிறது. குச்சி ஐஸ் சப்பிய குழந்தைக்குக் கன்னத்துக் கொழுப்பு சிவந்து இறுகியதை 1970இல் அமெரிக்க மருத்துவர்கள் எழுதி வைத்தார்கள். தோல் தாங்கும் குளிரைக் கொழுப்பு தாங்காது என்ற அந்தத் துப்பைப் பிடித்துப் பின்னாளில் ஹார்வர்டு மருத்துவர்கள் கண்ட முறை இது. இடுப்பின் பக்கவாட்டுச் சதைக்கு 2010இலும் வயிற்றுக்கு 2012இலும் அமெரிக்க அரசு அனுமதி தந்தது. கொழுப்பைக் கரைக்கும் டீஆக்சிகோலிக் அமில ஊசிக்கு 2015இல் கிடைத்த அனுமதி தாடைக்கு அடியில் தொங்கும் சதைக்கு மட்டும். கர்ப்பிணியின் வயிற்றில் குளிர்க் கருவியை ஒட்டிச் சோதிக்க எந்த நெறிமுறைக் குழுவும் சம்மதிக்காது; பாலூட்டும் தாயிடமும் சோதிக்கவில்லை. ஆகவே ஆய்வு இல்லை. ஆய்வு இல்லாததால் தீங்கு என்ற பதிவும் இல்லை. தீங்கு பதிவாகாததால் வரவேற்பறையில் அது 'சேஃப்' ஆகிவிடுகிறது. கர்ப்பிணியில்லை, பாலூட்டவில்லை என்று கையெழுத்துக் கேட்கும் வரி ஒப்புதல் படிவத்தின் அடியில் எறும்பு ஊர்ந்தாற்போல் இருக்கிறது. ஆசை காட்டுவது தமிழில், எச்சரிப்பது இங்கிலீஷில்.

செய்துகொண்டவர்களுக்கும் எல்லாம் சுபமாக முடியவில்லை. கொழுப்பு கரைவதற்குப் பதில் பெருத்துக் கட்டியாகும் அபூர்வப் பின்விளைவு ஒன்று உண்டு. தனக்கு அது நேர்ந்ததை மாடல் அழகி லிண்டா எவாஞ்சலிஸ்டா 2021இல் வெளியே சொன்னார்.

இதில் உங்கள் அரசின் நிலைதான் எனக்குப் பிடிபடவில்லை. முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு உதவித் திட்டத்தில் 18,000 ரூபாய் மதிப்புக்கு உதவி தருகிறீர்கள். ஊட்டச்சத்துப் பெட்டகத்தில் பேரீச்சம்பழத்தோடு ஆவின் நெய்யும் வைக்கிறீர்கள். பாலூட்டும் தாய்க்கு முதல் ஆறு மாதம் நாளுக்கு 600 கலோரி கூடுதலாக வேண்டும் என்று ஐ.சி.எம்.ஆர். கணக்குப் போடுகிறது. பாலுக்கென்று உடம்பே கர்ப்பத்தில் கொழுப்பைச் சேர்த்து வைக்கிறது. நீங்கள் நெய் ஊற்றி ஏற்றுவதைக் கிளினிக்குகள் இயந்திரம் வைத்து இறக்குகின்றன. இரண்டு தரப்பும் உட்கார்ந்து பேசிப் பெட்டகத்திலேயே ஒரு தள்ளுபடிக் கூப்பன் போட்டுவிட்டால் மக்களுக்கு அலைச்சல் மிச்சம். கர்ப்பப்பை சுருங்கவே ஆறு வாரம் ஆகும். விலகிய வயிற்றுத் தசைக்கு உடற்பயிற்சிதான் முதல் வழி, குளிர் அதை ஒட்ட வைக்காது என்றெல்லாம் சொல்லி வியாபாரத்தைக் கெடுக்க வேண்டாம்.

1954ஆம் ஆண்டின் ஆட்சேபகரமான மருந்து விளம்பரத் தடைச் சட்டத்தின் பட்டியலில் உடல் பருமனும் இருப்பதாக யாரோ ஒரு வக்கீல் உங்களிடம் சொல்லக்கூடும். பயப்படாதீர்கள். இந்தக் கிளினிக்குகள் குறைப்பது பருமனை அல்ல, இஞ்சை.

2024 ஏப்ரலில் சென்னை பம்மலில் ஒரு மருத்துவமனைக்கு உடல் எடைக் குறைப்பு அறுவைச் சிகிச்சைக்காகப் போன புதுச்சேரி இளைஞர் ஒருவர் உயிரோடு திரும்பவில்லை. அதற்குப் பிறகுதான் அந்த மருத்துவமனையின் உரிமம் நிறுத்தி வைக்கப்பட்டது. அது கத்தி, இது கத்தியில்லாதது என்பார்கள். இருக்கட்டும். இந்த இடத்தில் பகடி செய்ய எனக்கு மனமில்லை.

அம்முச்சி மேல் ஒரே ஒரு குற்றச்சாட்டை மட்டும் நீங்கள் மெய்யாகவே எடுத்துக்கொள்ளலாம். தண்ணீர் குடித்தால் வயிறு போட்டுவிடும் என்று பால் கொடுப்பவளுக்குச் சொம்புத் தண்ணீரை அளந்து கொடுத்தார். கிராமச் செவிலியர் வந்து சத்தம் போட்ட பிறகே நிறுத்தினார். அந்தச் சேலைக் கட்டிலும் இருப்பது இதே வயிற்றுப் பயம்தான். கிளினிக்குக்காரர்கள் அதைக் கண்டுபிடிக்கவில்லை, விலை மட்டும் போட்டார்கள். ஆனால் செவிலியர் சொன்னதும் அம்முச்சி மாற்றிக்கொண்டார். பதிவு பெற்றவர்களிடம் இந்தப் பழக்கத்தை எதிர்பார்ப்பது அதிகப்பிரசங்கித்தனம்.

ஆகவே அம்முச்சியை உடனே அழைத்து விசாரிக்க வேண்டுகிறேன். அவர் உங்களிடமும் கேள்வி கேட்பார் என்பதால் ஒரு பதிலைக் கையில் வைத்திருப்பது நல்லது. ஒவ்வொரு கிளினிக்கிலும் விலைப் பலகைக்குப் பக்கத்தில், அதே அளவு எழுத்தில், 'இந்தச் சிகிச்சை கர்ப்பிணிகளிடமும் பாலூட்டும் தாய்மாரிடமும் சோதிக்கப்படவில்லை' என்று தமிழில் எழுதி மாட்டச் சொல்லியிருக்கிறோம் என்றால் ஒருவேளை சமாதானமாவார்.

இப்படிக்கு,
மாமியாரால் பாதிக்கப்பட்ட மருமகன்

இணைப்பு: கையெழுத்திடாத ஒப்புதல் படிவம் 1, பூதக்கண்ணாடி 1.