சந்திரிகா காப்பு

குறிகட்டுவான் துறையில் நயினாதீவுப் படகுக்குக் காத்திருந்தேன். 2025 ஆகஸ்ட் கடைசி. பக்கத்தில் ஒரு பெடியன் கைபேசியில் செய்தி பார்த்துக்கொண்டிருந்தான். ரணில் விக்கிரமசிங்க கைதாகியிருந்தார். அவருக்காக முன்னாள் ஜனாதிபதிகள் மகிந்த, மைத்திரி, சந்திரிகா எல்லோரும் ஒரே பக்கம் நின்று குரல் கொடுத்திருந்தார்கள்.

"முந்தி ஆண்டவை இப்ப ஆளுறவரைப் பற்றிக் கதைக்கலாமோ, அண்ணை?"

"கதைக்கத்தான் வேணும், தம்பி" என்றேன்.

வாயை அடைத்த காலத்தை நான் கண்டவன். 1980இல் ஜே. ஆர். அரசு சிறிமாவோ பண்டாரநாயக்கவின் குடியியல் உரிமையை ஏழு வருடங்களுக்குப் பறித்தது. 1982 ஜனாதிபதித் தேர்தலில் அவரால் நிற்க முடியவில்லை. அவர் கட்சிக்காக நின்றவர் ஹெக்டர் கொப்பேகடுவ. வேலணையில் வெங்காயம் செய்த அப்பா அவருக்குத்தான் வாக்குப் போட்டார். இறக்குமதியைத் தடுத்து வெங்காயத்துக்கும் மிளகாய்க்கும் விலை தந்த சிறிமாவோ ஆட்சியை யாழ்ப்பாணத்துத் தோட்டக்காரர் மறக்கவில்லை. பல்கலைக்கழக அனுமதியில் தரப்படுத்தலைக் கொண்டுவந்ததும் அதே ஆட்சி என்பது அப்பாவுக்குத் தெரியும். யாழ் மாவட்டத்தில் குமார் பொன்னம்பலம் முதலாவதாக வர, கொப்பேகடுவ இரண்டாவது. ஜே. ஆர். மூன்றாமிடம்தான்.

1991இல் தீவைவிட்டு இடம்பெயர்ந்து நல்லூரில் இருந்தோம். மின்சாரம் இல்லை. சைக்கிளைக் கவிழ்த்து வைத்து, நான் பெடலைச் சுற்ற, டைனமோவில் றேடியோ பாடும். சுற்று தளர்ந்தால் தமிழோசை தேய்ந்துபோகும். "டேய், விடாமல் சுத்து" என்பார் அப்பா. 1994இல் சந்திரிகா வென்ற செய்தியை அப்படித்தான் கேட்டோம். சமாதானம் வந்துவிட்டது என்றே நம்பினோம். கடைகளில் 'சந்திரிகா காப்பு' என்று வளையல் வந்தது. தங்கச்சி இரண்டு சோடி வாங்கி, கை குலுக்கிக் குலுக்கிக் காட்டினாள்.

1995 ஏப்ரலில் புலிகள் திருகோணமலையில் கடற்படைக் கலங்களைத் தாக்க, போர் மறுபடி மூண்டது. யூலை 9ஆம் திகதி நவாலி சென் பீற்றர்ஸ் தேவாலயத்தில் தஞ்சமடைந்திருந்தவர்கள்மேல் விமானப்படையின் குண்டு விழுந்தது. ஒக்டோபர் 30 இரவு, மழையில், நாவற்குழிப் பாலத்தை நோக்கி ஊரே நடந்தது. அந்த நெரிசலில் தங்கச்சியின் காப்புகள் உடைந்து மணிக்கட்டில் இரத்தம் கசிந்தது. சேலைத் துண்டால் அம்மா கட்டிவிட்டார்.

2011 யூலையில் கொழும்பில் நீதியரசர் பாலகிட்ணர் நினைவுப் பேருரை. இறுதிப்போர் பற்றிய சனல் 4 படத்தைப் பார்த்த தன் மகன், சிங்களவன் என்று சொல்லவே வெட்கமாயிருக்கிறது என்று அழுததாகச் சந்திரிகா சொன்னார். மகிந்த ஆட்சி உச்சத்தில் இருந்த நேரம் அது. சொல்லத் துணிவு வேண்டும். அதை நான் மதிக்கிறேன். ஆனால் அந்தச் செய்தியை வாசித்தபோது என் கண்ணில் நின்றது நவாலித் தேவாலயமும் தங்கச்சியின் மணிக்கட்டும்தான்.

பதவி போனபின் எங்கள் துயரம் கண்ணில் படுவதைக் குற்றமென்று நான் சொல்லவில்லை. பிந்தியாவது படட்டும். இந்த நாட்டில் பொல்லாத ஆட்சியை உள்ளிருந்து அறிந்தவர்கள் முந்தி ஆண்டவர்கள்தான். அவர்கள் மௌனமாய் இருந்தால் எங்களுக்குத்தான் நட்டம். கேட்பது ஒன்றே ஒன்று: இன்றைய ஆட்சியைப் பற்றிப் பேச வரும்போது, உங்கள் ஆட்சியில் நடந்ததையும் அதே மேடையில் சொல்லுங்கள். அம்மையார் நவாலியிலிருந்து தொடங்கலாம்.