கருப்பு பம்பருக்கு வந்த கவுரவக் கவலை

ஏங்கண்ணு, வண்டித் தவணை இன்னும் பாதிகூடக் கட்டி முடியல. அதுக்குள்ள பம்பரைக் கழட்டித் திண்ணையில போட்டுட்டு, உப்புத்தாளும் கையுமா ஒக்காந்துட்டயா? கேட்டா, "பேஸ் மாடல்னு தூரத்துலயே தெரியுதுங்க அப்பாரு"ங்கற. தெரிஞ்சா என்ன சாமி? மாசமானா உன்ற கணக்குல பணம் எடுக்கற பேங்குக்காரனுக்குத் தெரியாதா அது எந்த மாடல்னு? அவனுக்கே தெரிஞ்ச பொறவு ஊருக்கு மறைச்சு என்னத்தை மிச்சம் புடிக்கப் போற?

உன்ற கவலை எனக்குப் புரியாம இல்ல. ஒறம்பரை ஊட்டுக் கல்யாணத்துக்குப் போற. மண்டபத்து வாசல்ல பங்காளி வண்டி நிக்குது. அதுல கைப்பிடியும் மிரரும் உடம்பு கலர்லயே மினுங்குது. உன்றதுல ரெண்டும் கருப்பு. உள்ள போனா பந்தியில ரெண்டு பேருக்கும் ஒரே சோறு, ஒரே பாயாசம். உனக்கு மட்டும் தொண்டையில எறங்க மாட்டேங்குது. கைப்பிடியோட நெறத்தைப் பார்த்தா கண்ணு எலை போடறாங்க?

இன்னொரு வேடிக்கையும் கேளு. நீ கருப்பை மறைக்க அல்லாடற. அக்கட்டால காசுள்ளவன் கருப்புக்குன்னே கூடக் கொடுத்து வாங்கறான். 2019ல டாடாக்காரங்க ஹாரியர் வண்டியில டார்க் எடிசன்னு ஒண்ணை எறக்குனாங்க. வெளிய கருப்பு, வீலு கருப்பு, உள்ளயும் கருப்பு. பொறகால ஹூண்டாய்காரங்க நைட் எடிசன்னாங்க. அது போகட்டும். பெரிய வண்டிகள்ல சக்கரத்தைச் சுத்தியும் கதவுக்கு அடியிலயும் என்ன இருக்குதுன்னு குனிஞ்சு பாரு. பெயிண்ட் படாத கருப்பு பிளாஸ்டிக்குப் பட்டை! உன்ற பம்பரும் அந்த வகையறாதான். சின்ன வண்டியில இருந்தா இல்லாமை, பெரிய வண்டியில இருந்தா கம்பீரமா? பிளாஸ்டிக்கு என்ன தப்புப் பண்ணுச்சு?

அதைக் கருப்பா உட்டதுல காரணமும் இருக்குது. கார்பன் கரியைக் கலந்துதான் கருப்பாக்கறாங்க. அந்தக் கரிதான் வெயிலோட காட்டத்தைத் தான் வாங்கிக்கிட்டுப் பிளாஸ்டிக்கை வெடிக்காமக் காப்பாத்துது. மேல சொரசொரன்னு தோலு வச்சதும் காரியமாத்தான். சந்தைக்கடைச் சந்துல எவனோ மொபெட்டை ஒரசிட்டுப் போவான். கருப்புல பட்டா ஈரத்துணியில தொடைச்சுட்டுப் போயிரலாம். வெள்ளை அடிச்சு வச்சயா, ஒவ்வொரு கீறலுக்கும் அடியில இருந்து கருப்பு பல்லைக் காட்டும். அன்னிக்கு ராத்திரி உனக்கு ஒறக்கம் போச்சு.

பம்பருக்கு உடம்பு கலரு வந்த கதை தெரியுமா? 1968ல அமெரிக்காவுல பாண்டியாக் கம்பெனி, ஜிடிஓங்கற வண்டிக்கு முன் பம்பரை அமுங்கி நிமிர்ற பொருள்ல செஞ்சு, உடம்பு கலரே அடிச்சு உட்டாங்க. அதைச் சுத்தியால அடிச்சே விளம்பரம் காட்டுனாங்க. அவங்க அடி தாங்கும்னு காட்டறதுக்குக் கலரு அடிச்சாங்க. நீ கலரு அடிச்சுட்டு அடி படக் கூடாதுன்னு சாமி கும்புடப் போற!

சொன்னாக் கேக்கற ஆளா நீ? சரி, அடிக்கறதுன்னு ஆயிப்போச்சுன்னா ஒழுங்காவாச்சும் அடி.

மொதல்ல பம்பரைத் திருப்பிப் போட்டு உள்பக்கம் பாரு. பிபின்னோ ஏபிஎஸ்னோ பொறிச்சிருக்கும். பம்பர் பெரும்பாலும் பிபி. ரப்பர் கலந்த பாலிபுரொப்பிலீன். அதுல எதுவும் லேசுல ஒட்டாது, உன்ற பெயிண்டும் ஒட்டாது. பேக்டரியிலயே சில எடத்துல தீ நாக்கைக் காட்டி மேல்தோலைப் பதப்படுத்திட்டுத்தான் அடிக்கறாங்க. நீ ஊட்ல அடுப்பைக் காட்டிப்போடாதே, கோணிக்கும். அதுக்குன்னே பிளாஸ்டிக் பிரைமர் விக்குது. பிபிக்கு ஆகுமான்னு டப்பாவைப் படிச்சு வாங்கோணும். அதை உட்டுட்டு அடிச்சா, வாட்டர் சர்வீசுல மொத தடவை தண்ணி பீச்சறபோதே தோலுதோலா உரிஞ்சு வரும். மிரர் மூடி ஏபிஎஸ்ஸா இருந்தா வேலை சுலுவு. ஆனா காட்டமான தின்னரைப் போட்டுத் தொடைச்சிராதே, மேல்பரப்பு விட்டுப் போகும்.

சுவரை வச்சுத்தான் சித்திரம். பாதி வேலைக்கு மேல பெயிண்டைத் தொடறதுக்கு முன்னாலயே இருக்குது. சோப்புத் தண்ணியில நல்லாக் கழுவோணும். மினுமினுப்புக்குன்னு சிலிக்கான் பாலிஷ் தேச்சு வச்சயே, அது துளி மிச்சம் இருந்தாலும் பெயிண்டு குழிகுழியா ஒதுங்கும். மெழுகும் கிரீசும் எடுக்கற மருந்து போட்டுத் தொடைச்சு எடு. சொரசொரப்பு மேல நேரா அடிச்சா கலருதான் மாறும், சொரசொரப்பு அப்படியே நிக்கும். கனமா பிரைமர் உட்டு, 400 நம்பர் வாட்டர் பேப்பர்ல தேச்சு, அப்பறம் 600ல தேச்சு வழுவழுன்னு ஆக்கோணும். தோள்பட்டை கழண்டுக்கும். நீ பார்த்த வீடியோவுல இதையெல்லாம் எவன் காட்டறான்? அரை நிமிசத்துல பம்பரு மின்னுது, பாட்டு வேற ஓடுது.

கலருக்கு என்ன வழி? "வெள்ளைதானுங்க"ங்கற. எந்த வெள்ளை சாமி? கதவைத் தெறந்து தூண்ல பாரு, இல்லாட்டி பானெட்டுக்கு அடியில பாரு. கலர் கோடு எழுதுன ஸ்டிக்கரோ தகடோ இருக்கும். அதைச் சொல்லிக் கலக்கி வாங்கு. முத்து வெள்ளையா இருந்தா அடியில ஒரு பூச்சு, மேல முத்துப் பூச்சு, அதுக்கு மேல கிளியர்னு மூணு வேலை. மெட்டாலிக்கா இருந்தா இன்னும் கூத்து. துகள் எப்படிப் படுக்குதோ அப்படித்தான் நெறம் தெரியும். ஈரமா அடிச்சாக் கருக்கும், வறட்சியா அடிச்சா வெளுக்கும். பத்தாததுக்கு வெயில்ல நின்ன வண்டி வேற கொஞ்சம் மங்கியிருக்கும்.

எந்த மாசத்துல அடிக்கப் போற? ஆடியிலயா? ஆடிக் காத்துல அம்மியே பறக்கும்பாங்க. பாலக்காட்டுக் கணவாய்ல நொழைஞ்சு வர்ற காத்து, கோயமுத்தூரு மண்ணையெல்லாம் கொண்டாந்து உன்ற பம்பர்ல அப்பும். உன்ற பெயிண்டும் பறந்து போயிப் பக்கத்து ஊட்டு வண்டியில ஒக்காரும். அப்பறம் ரெண்டு வண்டிக்கும் மேட்சிங் ஆயிரும். மழை ஈரத்துலயும் ஆகாது, பூச்சு பால் பூத்துப்போகும்.

அடிக்கறபோது முக்கால் அடி தள்ளிப் புடி. மெலிசா ரெண்டு மூணு தடவை. நடுவுல பத்து நிமிசம் பொறுக்கோணும். பொறுக்க மாட்டயே! ஒரேயடியா அப்புனா வழிஞ்சு நிக்கும். கடைசியா ஹார்டனர் கலந்த கிளியர் கோட்டா? அதுல மட்டும் வெளையாடாதே கண்ணு. அதுல ஐசோசயனேட்டுங்கற சமாச்சாரம் இருக்குது, மூச்சுல போனா ஆஸ்துமாவைக் கொண்டாந்து உட்டுரும். கர்ச்சீப்புக் கட்டுனாத் தாங்காது. அந்த வேலையைப் பட்டறைக்காரங்கிட்டக் கொடுத்துரு.

அதுலயும் மொதல்ல மிரர் மூடியை மட்டும் கழட்டி அடிச்சுப் பாரு. கெட்டாலும் சின்ன சாமான், வேற வாங்கிக்கலாம். அதைத் தேச்சு முடிக்கறதுக்குள்ள உனக்குப் பம்பர் ஆசையே போயிருக்கும்.

மாட்டுப் பொங்கலுக்குக் கொம்புக்குக் கலரு அடிக்கறோம். அழகுதான், வேண்டாங்கல. சந்தையில எவனாச்சும் அந்தக் கலருக்கு விலை பேசறானா? பல்லைப் புடிச்சுல்ல பார்க்கறான்! வண்டி புரோக்கரும் அப்படித்தான். நாளைக்கு நீ விக்கப் போறபோது மொதல்ல ஆர்சி புக்கைக் கேப்பான். மாடல் பேரு அதுலயே அச்சடிச்சுக் கெடக்கும். அப்பறம் கைப்பிடி ஓரத்தை நகத்தால நெரடுவான், டேப் ஒட்டுன கோடு தட்டுப்படும். பம்பரைச் சுத்தி ஒரு நடை நடப்பான். உன்ற மொகத்தை ஏற எறங்கப் பார்த்துட்டு ஒரே கேள்விதான் கேப்பான்: "எங்கீங்க இடிச்சீங்க?"

இடிக்கலீங்க, அழகுக்கு அடிச்சதுன்னு நீ சூடம் அணைச்சுச் சத்தியம் பண்ணு. விலையைக் கொறைச்சுட்டுத்தான் மறு பேச்சுப் பேசுவான்.