இறங்கலும் இறங்கல் நிமித்தமும்

நெய்தல் திணைக்கு உரிப்பொருள் இரங்கல் என்று பள்ளிக்கூடத்தில் படித்திருக்கிறோம். மலைச் சைக்கிளுக்கு உரிப்பொருள் இறங்கல். இடையின ரகரம் வல்லின றகரமாகத் திரிந்ததற்குக் காரணம் பாறை. இத்துணிபை நிறுவ ஆய்வாளர் (அடியேன்தான்) சிங்கப்பூரின் புக்கிட் தீமாவைக் களமாகக் கொண்டார்.

அந்நாட்டில் இயற்கையாய் அமைந்த மேடுகளில் இதுவே உயர்ந்தது: 163 மீட்டர் சொச்சம். கொடைக்கானல்காரர்கள் சிரிக்கலாம், சைக்கிளோடு வந்து சிரிக்கட்டும். காப்புக்காட்டின் பரப்பும் 163 ஹெக்டேர் என்பதில் ஏதோ சூட்சுமம் இருப்பதாக ஒரு வாரம் மண்டையை உடைத்துக்கொண்டேன். ஒன்றுமில்லை. மலாயில் 'புக்கிட்' என்றால் குன்று, 'தீமா' என்றால் வெள்ளீயம். அங்கே வெட்டி எடுத்ததோ கருங்கல். ஆக, ஏமாற்றம் பெயரிலேயே தொடங்குகிறது. உச்சிக்குச் சைக்கிளை விடமாட்டார்கள். குன்றைச் சுற்றி ஏறக்குறைய 6 கிலோமீட்டர் மண்பாதை உண்டு, அதுதான் நமக்கு.

பாதையின் கருப்பொருள் வேர். முதல்நாள் மழையில் நனைந்த வேர், விளக்கெண்ணெய் தடவிய உலக்கை. அதை நேர்குறுக்காகக் கடந்தால் சக்கரம் ஏறி இறங்கிவிடும். சாய்வாகத் தொட்டால் முன்சக்கரம் வேரோடு போகும், ஆள் வேறு பக்கம் போவார். சரிவில் இரண்டு பெடலும் ஒரே மட்டத்தில் நிற்க வேண்டும், இடுப்பு சீட்டுக்குப் பின்னால் போக வேண்டும், கண் பத்தடி முன்னே இருக்க வேண்டும். சூத்திரம் அத்தனையும் மனப்பாடம். ஆனால் முதல் பாறைப்படியைக் கண்டதும் இடது கால் தானாகத் தரைக்கு வந்துவிடுகிறது. காலுக்கு யாப்பு தெரியாது.

இனி நிமித்தம். பயந்து இறங்கினேன் என்று சொன்னவர் எவரையும் இவ்வாய்வில் காண முடியவில்லை. என் ஆய்வுத் துணைவர், ஊரில் எனக்குப் பக்கத்துத் தெரு, முதல் சரிவில் இறங்கி, "செயின்ல ஏதோ சத்தம் கேக்குதுண்ணே" என்றார். நானும் குனிந்து பார்த்தேன். இருவரும் வெகுநேரம் பார்த்தோம். செயின் நன்றாகத்தான் இருந்தது. இரண்டாம் சரிவில் தண்ணீர் குடிக்க இறங்கினார், மூன்றாவதில் குரங்குக்காக. நீள்வால் குரங்கு ஒன்று ஓரத்துக் கிளையில் உட்கார்ந்து எங்களைப் பார்த்தது. "வாயில்லா ஜீவன், நாமதான் வழிவிடணும்" என்றார். குரங்கு பாதைக்கு வரவேயில்லை. நான் அதே இடத்தில் படம் எடுக்க இறங்கினேன். படத்தில் குரங்கு இல்லை.

அப்போது பின்னாலிருந்து, "அங்கிள், ரைட்ல வர்றேன்!" பன்னிரண்டு வயதிருக்கும். வேரும் பாறையும் தடதடக்க அவன் போய்விட்டான். விதிவிலக்குகளை இக்கட்டுரை கணக்கில் எடுத்துக்கொள்ளவில்லை.

கடைசியில் குழாயடியில் சேற்றைக் கழுவிக்கொண்டிருந்தோம். சைக்கிளைவிட எங்கள் ஷூவில்தான் சேறு அதிகம். துணைவருக்கு வீட்டிலிருந்து போன். எவ்வளவு தூரம் ஓட்டினீர்கள் என்று கேட்டிருப்பார்கள் போல.

"ஆறு கிலோமீட்டர்மா. முழுசா" என்றார், என் முகத்தைப் பார்க்காமல்.

நான் குறிப்பேட்டைத் திறந்து, ஓட்டிய தூரம் என்ற இடத்தில் 6 என்று எழுதிக்கொண்டேன்.