மெட்ரிக் தாண்டாத மேதை

கேள்வி: பெங்களூரு காந்தி பஜார் பக்கம் டி.வி.ஜி. ரோடு என்று இருக்கிறதே, யார் அந்த டி.வி.ஜி.? மந்திரியா, ஜவுளிக்கடை முதலாளியா?
- ஒரு வாசகி, பசவனகுடி

பதில்: இரண்டும் இல்லை, கவிஞர்! தேவனஹள்ளி வெங்கடரமணய்ய குண்டப்பா. 1887-இல் முல்பாகலில் பிறந்தவர். மெட்ரிகுலேஷனில் தேறவில்லை. தேறியிருந்தால் ஏதோ ஓர் ஆபீஸுக்கு நல்ல குமாஸ்தா கிடைத்திருப்பார். கன்னடத்துக்கு 'மங்குதிம்மன கக்க' கிடைத்திருக்காது. 1943-இல் வந்த நூல். நான்கு நான்கு அடிகளாக 945 பாடல்கள். நம் வீட்டில் குறள் எப்படியோ, அங்கே இது அப்படி. கல்யாண மேடையிலும் கேட்கலாம், இரங்கல் கூட்டத்திலும் கேட்கலாம். வாழ்க்கை ஏன் இப்படி இருக்கிறது என்று திம்மன் என்கிற எளிய மனிதனிடம் பேசிக்கொண்டே போகிறார். உபதேச நெடியே கிடையாது. எனக்கு அவரிடம் மிகவும் பிடித்தது அதுதான்.

பத்திரிகையாளராகவும் இருந்தார். திவான் விஸ்வேஸ்வரய்யாவுக்கு நெருக்கமானவர். அந்த நெருக்கத்தைக் காசாக்கத் தெரியாதவர் என்பார்கள். காசாக்க மறுத்தவர் என்பேன் நான். 1970-இல் ரவீந்திர கலாக்ஷேத்ராவில் மக்கள் கொடுத்த பணமுடிப்பை, 1945-இல் தாமே தொடங்கிய கோகலே பொதுவிவகார நிலையத்துக்கு அப்படியே தந்துவிட்டார். 1974-இல் பத்மபூஷண், அடுத்த ஆண்டு மறைந்தார்.

பக்கத்திலேயே பியூகிள் ராக் பூங்காவில் அவருக்குச் சிலை இருக்கிறது. கன்னடம் தெரிந்த அண்டைவீட்டுக்காரரை அழைத்துப் போய் நான்கு பாடல் சொல்லச் சொல்லுங்கள்.